ஏ.ஐ.ரி.எல். லிம்போமா திரும்பி வந்திருக்கு: ட்ரயல் தேடுறதை எங்கேயிருந்து தொடங்குறது?

நாவலடி_காற்று

ஒரு நோயாளிக்காகக் கேட்கிறேன். 58 வயது ஆண், நிறை 60 கிலோ, வாழைச்சேனைப் பக்கம். பயொப்சி ரிப்போட்டில் ஆஞ்சியோஇம்யூனோபிளாஸ்டிக் ரி-செல் லிம்போமா (ஏ.ஐ.ரி.எல்., ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய்) என்று இருக்கு. சொப் என்கிற கீமோ மருந்துக் கூட்டு 6 தரம் ஏற்றி முடிச்சு, ஐந்து மாதத்தில் கழுத்திலும் தொடையிடுக்கிலும் கட்டி திரும்பிட்டு. கிளினிக் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில். அடுத்த கட்டக் கீமோ பற்றி டொக்டர் பேசினார். வெளியில் ட்ரயல் (புது மருந்தை நோயாளிகளில் சோதிக்கிற ஆய்வு) ஏதும் இருந்தால் பார்த்துச் சொல்லுங்கோ, கடிதம் தாறன் என்றும் சொன்னார். இலங்கையில் ஏதும் நடக்குதா? இந்தியாவுக்குப் போகவேணுமா? எந்தெந்தக் கடதாசியைச் சேர்த்து வைக்கிறது?

கல்முனை_ராத்தா

தம்பி, இணையத்தில் தேடுறதை மறுகா பார்ப்பம். அடுத்த கிளினிக் வரைக்கும் காத்திருக்காமல் டொக்டரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கு: "அடுத்த கீமோவை எத்தனை கிழமை தள்ளிப்போடலாம்?"

ஏன் இதை முதலில் சொல்றன் என்றால், அநேகமான ட்ரயல்களில் கடைசி மருந்து ஏற்றி 2 முதல் 4 கிழமை இடைவெளி கேட்பாங்க. புதுக் கீமோ ஒரு தரம் ஏறிட்டால் அந்தக் கணக்கு திரும்ப முதலாம் நாளில் இருந்து ஓடும். அதோட கட்டி அளக்கக்கூடிய அளவில் இருக்கணும். நிணநீர்க் கட்டி என்றால் சீரி ஸ்கேனில் நீளப்பக்கம் 1.5 சென்ரிமீற்றருக்கு மேல். கீமோவில் அரைகுறையாகச் சுருங்கி 1.2 ஆகிட்டால் நோய் உள்ளே இருக்கும், ட்ரயலுக்குள் எடுக்கமாட்டாங்க. ஆகவே தேடுறதுக்குச் சரியான காலம் இப்பதான், இரண்டு சிகிச்சைக்கும் நடுவில இருக்கிற இந்த இடைவெளி.

ஆனால் மூச்சுக்குழாயைக் கட்டி நெரிக்குது, சிறுநீர்ப்பாதை அடைக்குது, இரத்தச் சிவப்பணு உடைஞ்சு ஹீமோகுளோபின் இறங்குது என்றால் ஒரு நாளும் தள்ளக்கூடாது. ட்ரயலுக்காகக் காத்திருந்து ஆளை இழக்கிற வேலை வேணாம். அந்த முடிவு டொக்டருடையது.

இன்னொன்று, ஸ்டீரொய்ட். ப்ரெட்னிசொலோன் நாளுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தால் பல ட்ரயல்கள் ஒத்துக்கொள்ளாது. டெக்ஸாமெதசோன் 0.75 மில்லிகிராம் 5 மில்லிகிராம் ப்ரெட்னிசொலோனுக்குச் சமம். காய்ச்சல், இழுப்பு, தோலில் தடிப்பு என்று பக்கத்து டிஸ்பென்சரிக்குப் போனால் டெக்ஸா 4 மில்லிகிராம் ஊசி போட்டு விடுவாங்க. அது கிட்டத்தட்ட 27 மில்லிகிராம் ப்ரெட்னிசொலோன். இந்த லிம்போமாவில் தடிப்பும் காய்ச்சலும் அடிக்கடி வரும், அதனால இது நடக்கக்கூடியதுதான். கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் "ஓன்கோலொஜி டொக்டரைக் கேட்காமல் ஸ்டீரொய்ட் கொடுக்கவேண்டாம்" என்று எழுதி வாங்குங்க.

ஸ்லைட்_மேசை

ராத்தா சொன்ன ஸ்டீரொய்ட் விசயம் பயொப்சிக்கும் பொருந்தும். ஸ்டீரொய்ட் எடுத்தபின் வெட்டின கட்டியில் லிம்போமாக் கலங்கள் அழிஞ்சு, நோயைப் பேர் சொல்லி முடிவெடுக்க ஏலாமல் போகும்.

திரும்பி வந்த கட்டியைத் திரும்ப பயொப்சி எடுத்தாங்களா? நாவலடித் தம்பி அதைச் சொல்லவில்லை. இந்த நோயில் அது கட்டாயம் என்றே சொல்வேன். ஏ.ஐ.ரி.எல். உள்ளவர்களின் கட்டியில் ஈ.பி. (எப்ஸ்டீன்-பார்) வைரஸ் தொற்றிய பி-கலங்களும் சேர்ந்து வளரும். சிலருக்குத் திரும்பி வருவது பழைய ரி-செல் லிம்போமா இல்லை, அந்த வைரஸ் உள்ள பெரிய பி-செல் லிம்போமா. அப்படியென்றால் மருந்தும் வேறு, தேடவேண்டிய ட்ரயலும் முழுக்க வேறு. ஊசியால் உறிஞ்சி எடுக்கிறது போதாது. முழுக் கட்டியாக வெட்டி எடுக்கவேணும். அது ஏலாவிட்டால் தடித்த ஊசியால் பல துண்டுகள்.

ரிப்போட்டில் இருக்கவேண்டிய நிறமேற்றல்கள் (கலத்தின் வகையைக் காட்டுகிற சோதனைகள்): சீடி3, சீடி4, சீடி10, பீசிஎல்6, பீடி1, சீஎக்ஸ்சீஎல்13, சீடி21, சீடி20, சீடி30, ஈபிஈஆர். சீடி30 இருக்கு அல்லது இல்லை என்று மட்டும் எழுதியிருந்தால் காணாது, எத்தனை வீதக் கலங்களில் என்று இலக்கம் வேணும். சீடி30ஐக் குறிவைக்கிற ப்ரென்டக்சிமாப் மருந்தை முதற்கட்ட சிகிச்சையில் சேர்த்துப் பார்த்த பெரிய ஆய்வில் 10 வீதத்தைத்தான் எல்லையாக வைத்தாங்க. உள்ளூரில் எல்லா நிறமேற்றலும் கிடைக்காது. மிச்சத்தை மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியிலோ வேறு ஆய்வுகூடத்திலோ செய்விக்கலாம், அதுக்கு ப்ளொக் வேணும்.

ப்ளொக் என்றால் மெழுகில் பதித்த திசுத் துண்டு. ஆய்வுகூடம் அதைத்தான் பத்திரப்படுத்தி வைக்கும். முதல் பயொப்சியின் ப்ளொக், இப்ப எடுக்கிறதின் ப்ளொக் இரண்டும் எந்த ஆய்வுகூடத்தில், என்ன இலக்கத்தில் இருக்கு என்று இன்றே குறித்து வையுங்கோ. பயொப்சி ஒரு ஆஸ்பத்திரியில், ஆய்வுகூடம் இன்னொரு ஆஸ்பத்திரியில், விசேட நிறமேற்றல் கொழும்பில் என்று மூன்று இடத்தில் பிரிஞ்சு கிடந்தால், ட்ரயல்காரர் கேட்கிற நேரம் தேடித் திரிய காலம் போயிடும். ட்ரயல் கை நழுவிப்போகிற காரணங்களில் இதை நான் முதலாவதாக வைப்பேன்.

மரபணு மாற்றமும் பார்க்கலாம். ரோ-ஏ மரபணுவில் ஜி17வி மாற்றம் இந்த நோய் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இருக்கும். ஐ.டி.எச்.2 மரபணுவில் ஆர்172 மாற்றம் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை. டெட்2 இன்னும் அதிகம். இவற்றை நுழைவு நிபந்தனையாக வைக்கிற ட்ரயல் குறைவு. காசு செலவழித்து இதைச் செய்யமுதல், பார்க்கிற ட்ரயல் கேட்குதா என்று பாருங்கோ.

பதிவேடு_பாக்கிற_ஆள்

தேடல் பற்றி. ட்ரயல்களைப் பதிகிற பதிவேடுகளில் ஆங்கிலத்தில்தான் தேடணும், ரிப்போட்டில் உள்ள பேரை எழுத்துக் கூட்டி அப்படியே அடியுங்கோ. ஆனால் ஒரே பேரில் தேடினால் பாதி தவறும். 2022இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு இந்த நோயை "நோடல் ரி-ஃபொலிக்குலர் ஹெல்ப்பர் செல் லிம்போமா, ஆஞ்சியோஇம்யூனோபிளாஸ்டிக் வகை" என்று மாற்றிட்டு. அதே வருடம் வந்த சர்வதேச ஒருமித்த வகைப்பாடு "ஃபொலிக்குலர் ஹெல்ப்பர் ரி-செல் லிம்போமா" என்று வைத்தது. 2022க்கு முந்திய ட்ரயல்கள் பழைய பேரில் கிடக்கும். இதைவிட முக்கியம்: இந்த நோய்க்கென்றே தனி ட்ரயல் கொஞ்சம்தான். பெரும்பாலும் "பெரிஃபெரல் ரி-செல் லிம்போமா" என்ற பொதுப் பேருக்குள் சேர்த்து எடுப்பாங்க. ஆகவே நான்கு பேரிலும் தேடணும், பொதுப் பேரில்தான் கூடக் கிடைக்கும்.

முதலில் அமெரிக்காவின் பதிவேடு, கிளினிக்கல்ட்ரயல்ஸ் டொட் கவ். 2000ஆம் ஆண்டில் இருந்து இருக்கு, அமெரிக்காவுக்கு வெளியே நடக்கிறதும் பதிவாகும். நோய்ப் பெட்டியில் பேர், நாட்டுப் பெட்டியில் இந்தியா, பிறகு சிங்கப்பூர், மலேசியா என்று ஒவ்வொன்றாக. நிலையில் "ஆட்சேர்ப்பு நடக்கிறது", "இன்னும் தொடங்கவில்லை" இரண்டை மட்டும் தெரிவு செய்யுங்கோ. "நடப்பில் உண்டு, ஆட்சேர்ப்பு இல்லை" என்றால் கதவு மூடியாச்சு. "நிலை தெரியாது" என்று வந்தால் நீண்ட காலமாக யாரும் அந்தப் பதிவைப் புதுப்பிக்கவில்லை, அதில் நேரம் செலவழிக்கவேண்டாம். கடைசியாகப் புதுப்பித்த திகதியைக் கட்டாயம் பாருங்கோ. ட்ரயல் மொத்தமாகத் திறந்திருந்தாலும் குறித்த ஆஸ்பத்திரி மூடியிருக்கலாம். இடங்களின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிலை போட்டிருக்கும்.

அடுத்தது இந்தியாவின் சி.ரி.ஆர்.ஐ. பதிவேடு. 2007இல் தொடங்கி, 2009 ஜூன் 15இல் இருந்து பதிவு கட்டாயம். இதன் தேடுபெட்டி ஒத்த சொற்களைப் பிடிக்காது. "லிம்போமா" என்று மட்டும் அடித்து வருவதையெல்லாம் கண்ணால் பார்க்கிறதுதான் நம்பகமானது. ஒவ்வொரு பதிவிலும் ஆட்சேர்ப்பு நிலை உலகளவில் ஒன்று, இந்தியாவில் ஒன்று என்று இரண்டு இருக்கும், இந்தியாவுக்கானதைப் பாருங்கோ. நடக்கிற ஆஸ்பத்திரிகளும் பொறுப்பு டொக்டரின் மின்னஞ்சலும் அதிலேயே கிடக்கும். நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்ததா, மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அனுமதி கொடுத்தாரா என்பதும் அதே பக்கத்தில்.

இலங்கைப் பதிவேடு 2006இல் இருந்து இருக்கு, இலங்கை மருத்துவச் சங்கம் நடத்துது. அரிய லிம்போமாவுக்குப் புது மருந்து ட்ரயல் அதில் கிடைப்பது அரிது, ஆனாலும் பார்த்துவிடுங்கோ, ஐந்து நிமிடம் போதும். ஜப்பான், சீனப் பதிவேடுகளையும் சேர்த்து ஒரே இடத்தில் தேட உலக சுகாதார நிறுவனத்தின் தேடுதளம் உதவும். ரி-செல் லிம்போமா மருந்துகள் கிழக்காசியாவில்தான் கூட நடக்குது. டூசிடினொஸ்டாட் சீனாவில் 2014இலேயே அனுமதி பெற்றது. வலமெடொஸ்டாட் ஜப்பானில் 2024இல் இந்த நோய்க்கூட்டத்துக்கு அனுமதி பெற்றது. ஆனால் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் மாதக்கணக்கில் போய் இருக்க எத்தனை குடும்பத்தால் ஏலும்? வாழைச்சேனையில் இருந்து யோசிக்கிறவருக்கு இந்தியாதான் முதல், சிங்கப்பூர் அடுத்தது.

நாவலடி_காற்று

நன்றி ராத்தா, நன்றி அண்ணன்மார். திரும்ப பயொப்சி எடுக்கவில்லை, நாளைக்குக் கேட்கிறேன். இந்தியாவில் திறந்திருக்கிறதாக மூன்று பதிவு கண்டேன். தகுதி நிபந்தனைகளை வாசித்தால் தலை சுத்துது. இரத்த ரிப்போட்டில் வெள்ளணு 3.2, நியூட்ரொபில் 42 வீதம், பிளேட்லெட் 88, கிரியேட்டினின் 106, பிலிருபின் 34 என்று இருக்கு. இது தேறுமா?

திருக்கோவில்_பாமசி

எங்கட ரிப்போட்டின் அலகும் ட்ரயலின் அலகும் வேறு. அதில்தான் ஆட்கள் தடுமாறுறது.

நியூட்ரொபில்: 3.2இன் 42 வீதம் 1.34. ட்ரயல் பாசையில் 1,340. வழக்கமான எல்லை 1,000, சிலதில் 1,500. மூன்று பதிவிலும் இதைப் பாருங்கோ. வளர்ச்சிக் காரணி ஊசி போட்டு எண்ணிக்கையை ஏற்றினதுக்குப் பிறகு எடுத்த இரத்தம் செல்லாது, ஊசிக்குப் பின் 7 நாள் அல்லது 14 நாள் கழியணும் என்று எழுதியிருப்பாங்க.

பிளேட்லெட் 88 என்றால் 88,000. எல்லை அநேகமாக 75,000. எலும்பு மச்சையில் நோய் இருந்தால் 50,000 வரை இறக்குவாங்க. ஆகவே மச்சைப் பரிசோதனை ரிப்போட்டையும் கையில் வையுங்கோ.

கிரியேட்டினின் 106ஐ 88.4ஆல் பிரித்தால் 1.2. சிறுநீரகத்தின் வடிதிறன் கணக்கு: 140இல் இருந்து வயதைக் கழித்து, நிறையால் பெருக்கி, அதை, 72ஐ கிரியேட்டினினால் பெருக்கி வருகிற தொகையால் பிரிக்கணும். பெண் என்றால் வரும் விடையை 0.85ஆல் பெருக்கணும். இவருக்கு 82ஐ 60ஆல் பெருக்க 4,920. கீழே 86.4. விடை 57. எல்லை 60 என்று வைத்த ட்ரயலில் தேறாது, 50 அல்லது 30 என்றால் தேறும். பங்குனி சித்திரை வெயிலில் தண்ணி குடிக்காமல் விடிய பஸ் ஏறி வந்து இரத்தம் கொடுத்தால் கிரியேட்டினின் கூடித்தான் காட்டும். முதல் நாள் நன்றாகத் தண்ணி குடித்து, டைக்ளோபெனக் மாதிரி நோ மாத்திரையை டொக்டரிடம் கேட்டு நிறுத்தி, திரும்பப் பார்க்கலாம். இருதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தண்ணி அளவு சொல்லியிருந்தால் மட்டும் கேட்டுச் செய்யுங்கோ.

பிலிருபின் 34தான் எனக்கு யோசனை. ஆய்வுகூட மேல் எல்லை 21 என்று வைத்தால் 1.5 மடங்கு 31.5, இவர் அதைத் தாண்டிட்டார். ஏ.ஐ.ரி.எல். உள்ளவர்களுக்குச் சொந்த உடம்பே சிவப்பணுவை உடைக்கிற வியாதி வரும். அப்படியென்றால் ஈரல் நன்றாக இருக்கும், பிலிருபின் மட்டும் ஏறும். கூம்ஸ் டெஸ்ட், எல்டிஎச், ரெட்டிகுலோசைட், பிலிருபினை நேர்வகை மறைவகை என்று பிரித்த அளவு செய்வியுங்கோ. காரணம் அதுதான் என்று காட்டினால் சில ட்ரயல் 3 மடங்கு வரை விடும். சிலது இரத்தம் உடைவதையே விலக்கும் காரணமாக வைத்திருக்கும். இரண்டையும் வாசித்தே தெரிஞ்சுகொள்ளணும்.

இதயத்துக்கு எக்கோ வேணும், பம்பு வீதம் 45 அல்லது 50க்கு மேல். சொப் 6 தரம் என்றால் அதில் உள்ள டொக்சோரூபிசின் சதுர மீற்றருக்கு ஒரு தரம் 50 மில்லிகிராம், மொத்தம் 300 மில்லிகிராம். இந்தக் கூட்டுத்தொகையைக் கேட்பாங்க, அளவு குறைத்து ஏற்றின தரம் இருந்தால் அதையும் சேர்த்து சரியாக எழுதுங்கோ.

மஞ்சள்காமாலை பி வைரசுக்கு எங்கட பக்கம் பெரும்பாலும் மேற்பரப்பு அன்டிஜன் மட்டும்தான் பார்ப்பாங்க. ட்ரயலுக்குக் கோர் அன்டிபொடியும் வேணும். கோர் பொசிட்டிவ் என்றால் பயப்படவேண்டாம். வைரசின் டிஎன்ஏ இரத்தத்தில் இல்லை என்று காட்டி, வைரசை அடக்குகிற என்டெகவிர் எடுத்துக்கொண்டு சேர அநேகம் இடம் கொடுக்கும்.

கடைசியாக நாட்டு மருந்து. யாரும் தானாகச் சொல்லமாட்டாங்க, அதனாலதான் எழுதுறன். சீந்தில் கசாயம் குடித்து ஈரல் வீங்கின ஆட்கள் பற்றி இந்தியாவில் டொக்டர்மார் எழுதியிருக்கிறாங்க. ஈரல் எண்கள் ஏறினால் மருந்தாலா, நோயாலா, கசாயத்தாலா என்று யாராலும் பிரிக்க ஏலாது. நிறுத்துங்கோ, எடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கோ. பம்பளிமாசும் வேண்டாம், சில மாத்திரைகளின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும்.

அக்கரைப்பற்று_வெளி

எல்லாம் சரி. ஆனால் ஒரு கேள்வி. முதலாம் கட்ட ட்ரயல் என்றால் மருந்தின் அளவைக் கண்டுபிடிக்கிற வேலைதானே? ஆளுக்கு நன்மை கிடைக்கும் என்று அதில் யாரும் வாக்குக் கொடுக்கிறதில்லை. காணியை ஈடு வைத்து சென்னைக்கோ வேலூருக்கோ மும்பைக்கோ போய், கடைசியில் குடும்பம் கடனில் நிற்குது. இருக்கிற மருந்தை இங்கேயே கொடுத்தால் என்ன?

பதிவேடு_பாக்கிற_ஆள்

வெளி, நீங்க கேட்டது நியாயமான கேள்வி, இதை யாரும் கேட்காமல் போகக்கூடாது.

புது மருந்து என்றால் நல்ல மருந்து என்று இல்லை. ரொமிடெப்சினை சொப்புடன் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த மூன்றாம் கட்ட ஆய்வில் 421 பேர் சேர்ந்தாங்க. நோய் கூடாமல் இருந்த காலம் 12 மாதம், சொப் மட்டும் எடுத்தவர்களுக்கு 10.2. வித்தியாசம் நிரூபணமாகவில்லை, பக்கவிளைவு கூடிட்டு. 2021இல் அமெரிக்காவில் அந்த மருந்தின் இந்த நோய்க்கான அனுமதியையே கம்பனி மீளப்பெற்றது. வாயால் எடுக்கிற அசாசிடிடினை இதே நோய்க்கூட்டத்தில், நோய் திரும்பின 86 பேரில் பார்த்தாங்க. நோய் கூடாமல் இருந்த காலம் 5.6 மாதம், வழக்கமான மருந்து எடுத்தவர்களுக்கு 2.8. பார்வைக்கு இரு மடங்கு. ஆனால் முன்கூட்டியே வகுத்த புள்ளியியல் எல்லையை அது எட்டவில்லை.

இதே எண்களை மறுபக்கமும் பாருங்கோ. நோய் திரும்பினபின் வழக்கமான மருந்துகள் கொடுக்கிற காலமும் மாதக்கணக்கில்தான். அதனால்தான் இந்த நோய்க்குச் சர்வதேச வழிகாட்டிகளிலேயே ட்ரயலை முதல் தெரிவாகப் போடுறாங்க. முதலாம் கட்டத்திலும் எல்லா இடமும் ஒன்றில்லை. அளவை ஏற்றிப் பார்க்கிற பகுதியில் ஆரம்பத்தில் சேருபவருக்கு மருந்து மிகக் குறைவாகப் போகலாம். அளவு நிச்சயமானபின் வருகிற விரிவாக்கப் பகுதியிலோ இரண்டாம் கட்டத்திலோ சேர்ந்தால் எல்லாருக்கும் அந்த அளவுதான். "இப்ப எந்தப் பகுதியில் இருக்கிறீங்கள், இதுவரை ரி-செல் நோயாளிகள் எத்தனை பேர், எத்தனை பேருக்குச் சுருங்கினது?" இந்தக் கேள்வியை நேராகக் கேளுங்கோ. சொல்லக்கூடியதைச் சொல்வாங்க.

வெறும் மாத்திரை கொடுத்து ஏமாற்றுவாங்களோ என்ற பயமும் பலருக்கு இருக்கு. திரும்பி வந்த அரிய லிம்போமாவில் பெரும்பாலான ட்ரயலில் ஒரே பிரிவுதான், எல்லாருக்கும் மருந்து.

காணி விசயத்தில் உங்களோட முழுக்க ஒத்துப்போறன். ட்ரயல் மருந்துக்குக் காசு கேட்டால் எழுந்து வந்திடுங்கோ.

கல்முனை_ராத்தா

காணியை ஈடு வைக்கிற கதை வந்ததால் செலவைப் பிரித்துச் சொல்றன். ட்ரயல் மருந்தும் ட்ரயலுக்கென்றே செய்கிற டெஸ்ட்டும் இலவசமாக இருக்கணும். வழக்கமான சிகிச்சையில் எப்படியும் செய்யவேண்டிய ஸ்கேன், வாட்டுக் கட்டணம், கிருமி வந்தால் ஆகிற செலவு யாருடையது என்பதை ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாகக் கேட்கணும். போக்குவரத்துக்குச் சில ட்ரயல் காசு தரும், பெரும்பாலும் அந்த நாட்டுக்குள்ளே. விமான டிக்கட், அறை வாடகை, சாப்பாடு குடும்பத்தின் தலையில். முதல் 21 அல்லது 28 நாளில் கிழமைக்குப் பல தரம் வரச் சொல்வாங்க, அந்தக் காலத்தில் ஊருக்கு வந்துபோக ஏலாது.

வெளிநாட்டு நோயாளியை எடுப்பீங்களா என்பதுதான் மின்னஞ்சலின் முதல் கேள்வியாக இருக்கணும். சில ட்ரயல் உள்நாட்டுக் குடிமக்களை மட்டும் எடுக்கும், சிலது தொடர் பரிசோதனைக்கு வர ஏலாதவரை விலக்கும். இதைக் கடைசியில் கேட்டால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண்.

மின்னஞ்சல் ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. ட்ரயல் இலக்கம் தலைப்பிலேயே. பிறகு வயது, ஆண் பெண், நிறை, நடமாட்டம். நடமாட்டத்தை ஈகொக் அளவில் 0, 1, 2 என்று டொக்டர் எழுதித் தரணும். வேலை செய்ய ஏலாது, ஆனால் தன்னைத்தானே பார்த்துக்கொண்டு பகலில் பாதிக்கு மேல் எழுந்து நடமாடுறார் என்றால் 2. அநேக இடத்தில் அதுதான் கடைசி எல்லை. நோயின் பேர், பயொப்சித் திகதி, சீடி30 வீதம். ஏற்றின மருந்துகள், தொடங்கின முடிச்ச திகதிகள், எவ்வளவு சுருங்கினது, எப்ப திரும்பினது. பத்து நாளுக்குள் எடுத்த இரத்த எண்கள். கடைசி ஸ்கேனில் பெரிய கட்டியின் அளவு. ப்ளொக் இருக்கு என்ற ஒரு வரி. டயக்னோசிஸ் கார்டுகளை ஃபோனில் சரிவாகப் படம் பிடித்து இருபது படமாக அனுப்பாதீங்க. ஒரே பீடிஎஃப் ஆக்கி, திகதி வரிசையில் அனுப்புங்க. உங்கட டொக்டரின் மின்னஞ்சலில் இருந்து போனால் பதில் வருகிற வேகம் வேறு. ஒரு கிழமையில் பதில் இல்லாவிட்டால் ட்ரயல் ஒருங்கிணைப்பாளரின் ஃபோனுக்கு எடுங்க. பொறுப்பு டொக்டரைவிட அவரிடம்தான் எந்த இடம் காலி என்ற கணக்கு இருக்கும்.

கொழும்பில் காசு கொடுத்து பெட் ஸ்கேன் எடுத்துக்கொண்டு போகவேண்டாம். சேருமுன் 28 நாளுக்குள் எடுத்த ஸ்கேன்தான் செல்லும், பெரும்பாலும் தங்கட மெசினிலேயே திரும்ப எடுப்பாங்க. முதல் பேச்சுக்கு சீரி போதும்.

இந்தியாவுக்கு மருத்துவ விசா. கூடப்போகிறவருக்கு மருத்துவ உதவியாளர் விசா. இரண்டுக்கும் ஆஸ்பத்திரியின் கடிதம் வேணும், அதில் பாஸ்போட்டில் உள்ள மாதிரியே பேர் இருக்கணும். எங்கட ஆட்களுக்குத் தகப்பன் பேர் முன்னால், சொந்தப் பேர் பின்னால் என்று வருவதால் ரிப்போட்டில் ஒன்று, பாஸ்போட்டில் ஒன்று, ப்ளொக்கில் இன்னொன்று ஆகிடும். ஒரே ஆள்தான் என்று டொக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்க.

சம்மதப் படிவத்தைத் தமிழில் கேளுங்க. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வர நேரம் கேட்க உரிமை இருக்கு. வாசிக்கத் தெரியாதவர் என்றால் ட்ரயலோட சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னால் வாசித்துக் காட்டித்தான் கைநாட்டு வாங்கணும். மிச்சத் திசுவை எதிர்கால ஆய்வுக்கு எடுக்கிறது தனிச் சம்மதம், அதுக்கு மறுப்புச் சொன்னாலும் ட்ரயலில் சேரலாம். எந்த நேரமும் விலகலாம். இந்தியாவின் 2019ஆம் ஆண்டு விதிகளின்படி ட்ரயலால் பாதிப்பு வந்தால் இலவசச் சிகிச்சையும் நட்டஈடும் உண்டு. அந்தப் பந்தியில் எந்தக் கம்பனி பொறுப்பு, எந்த ஃபோன் இலக்கம் என்று எழுதியிருக்குதா பாருங்க.

அக்கரைப்பற்று_வெளி

விளங்குது ராத்தா. வட்ஸ்அப்பில் வருகிற "ஸ்டெம்செல் ட்ரயல், இரண்டு இடம் மட்டும், முற்பணம் கட்டுங்கள்" என்கிற விளம்பரங்களை எப்படிப் பிரிக்கிறது?

பதிவேடு_பாக்கிற_ஆள்

முற்பணம் கேட்ட இடத்திலேயே பதில் கிடைத்துவிட்டது. பதிவு இலக்கம் கேளுங்கோ. அமெரிக்கப் பதிவேட்டின் என்.சி.ரி. என்றால் பின்னால் எட்டு இலக்கம். சி.ரி.ஆர்.ஐ. என்றால் வருடம், மாதம், பிறகு ஆறு இலக்கம். இலக்கம் இருந்தாலும் போதாது. அமெரிக்கப் பதிவேட்டில் இருப்பது அந்த அரசு அங்கீகரித்ததாக ஆகாது என்று அந்தத் தளத்திலேயே எழுதியிருக்கு. நெறிமுறைக் குழுவின் பேரைக் கேட்டு, அந்தக் குழுவுக்கே எழுதிக் கேளுங்கோ. இலங்கையில் நடக்கிறதாகச் சொன்னால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் அனுமதியும் வேணும்.

நாவலடி_காற்று

திரும்ப பயொப்சி எடுத்தாச்சு, பழைய நோய்தான், சீடி30 15 வீதம். கூம்ஸ் பொசிட்டிவ். மூன்று இடத்துக்கும் டொக்டரின் மின்னஞ்சலில் இருந்து போனது. ஒன்று கூம்ஸ் காரணமாக மறுத்துட்டு. ஒன்றில் பதில் இல்லை. ஒன்று வெளிநாட்டவரை எடுப்பம் என்று சொல்லி, நிறமேற்றாத ஸ்லைட் 15 அல்லது ப்ளொக் கேட்குது, கோர் அன்டிபொடியும் கேட்குது. ப்ளொக்கையே கொடுத்து விடலாமா?

ஸ்லைட்_மேசை

முழு ப்ளொக்கையும் விடாதீங்கோ. இன்னொரு ட்ரயல் கேட்டால் கையில் ஒன்றும் இருக்காது. ஆய்வுகூடத்தில் 4 மைக்ரோன் தடிப்பில் 15 வெட்டு, நேர்மின்னேற்றிய ஸ்லைடில் போடச் சொல்லுங்கோ. சாதாரண ஸ்லைடில் போட்டால் நிறமேற்றும்போது திசு கழன்று போகும். எங்கட ஆய்வுகூடங்களில் அந்த ஸ்லைட் எப்பவும் கையிருப்பில் இராது, முதலே கேட்டு, இல்லாவிட்டால் வாங்கிக் கொடுங்கோ. முதல் வெட்டையும் கடைசி வெட்டையும் வழக்கமான நிறமேற்றலில் பார்த்து, இரண்டிலும் கட்டி இருக்கு என்று நோயியல் டொக்டர் உறுதிப்படுத்தணும். சிறிய பயொப்சியில் கடைசி வெட்டுக்கு வரும்போது கட்டி தீர்ந்து போயிருக்கும்.

வெட்டினால் நாட்கள் போகப் போக நிறமேற்றல் மங்கும். விசாவும் டிக்கட்டும் கையில் வந்தபிறகு வெட்டுங்கோ. அவங்கள் முன்கூட்டியே கேட்டால் வெட்டின அந்தக் கிழமையே அனுப்புங்கோ. ப்ளொக்தான் வேணும் என்று பிடிவாதமாக நின்றால் திருப்பித் தருவதாக எழுத்தில் வாங்கி, பழைய பயொப்சியின் ப்ளொக்கை இங்கே வைத்துவிட்டு புதியதை அனுப்புங்கோ. பொதியோட ரிப்போட் பிரதியும் டொக்டரின் கடிதமும் போகணும். வெயிலில் நிறுத்தின வாகனத்துக்குள் மெழுகு இளகும், கைப்பையில் வைத்துக் கொண்டுபோங்கோ.

திருக்கோவில்_பாமசி

சீடி30 15 வீதம் என்றபடியால் ஒன்று கேட்டு வையுங்கோ: ப்ரென்டக்சிமாப் ஏற்கெனவே எடுத்திருக்கவேணும் என்ற நிபந்தனை அந்த ட்ரயலில் இருக்கா? பெரிய கல அனப்ளாஸ்டிக் வகைக்குத்தான் அதை வழக்கமாகக் கேட்பாங்க, ஆனாலும் வரியை வாசியுங்கோ. ட்ரயல் சரிவராவிட்டால் அந்த மருந்தை எப்படிப் பெறலாம் என்று டொக்டரோட பேசுறதுக்கும் இந்த 15 உதவும்.

கல்முனை_ராத்தா

போகிறவருக்கு உடன்பிறப்புகள் இருந்தால் எச்எல்ஏ டெஸ்ட்டை (மச்சை மாற்றுக்கு யார் பொருந்துவார் என்று பார்க்கிறது) இப்பவே தொடங்குங்க தம்பி. ஒரே தாய் தகப்பன் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு பொருந்த வாய்ப்பு. ட்ரயல் மருந்தில் நோய் அடங்கினால் அடுத்தது மச்சை மாற்று பற்றித்தான் பேசுவாங்க, அடங்கிற காலம் நீளமாக இராது. அந்த நேரம் ஆள் தேடத் தொடங்கினால் பிந்திடும்.

மறுகா ட்ரயல் இடையில் ஊருக்கு வந்தால், ட்ரயல் பேர், மருந்துப் பேர், 24 மணித்தியால ஃபோன் இலக்கம் உள்ள அட்டையை சட்டைப் பையிலேயே வைத்திருக்கணும். காய்ச்சல் 38 பாகை காட்டினால் பரசிட்டமோல் போட்டுப் பார்த்து விடியட்டும் என்று இருக்கவேண்டாம். இரவென்றாலும் நேரே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை அவசரப் பிரிவு. வாழைச்சேனையில் அவ்வளவு தூரம் போக வாகனம் கிடைக்காவிட்டால் கிட்ட உள்ள ஆஸ்பத்திரியில் இரத்தக் கல்ச்சர் எடுத்து முதல் அன்டிபயோட்டிக்கை ஒரு மணித்தியாலத்துக்குள் போடச் சொல்லி, அந்த அட்டையைக் காட்டி, பிறகு மாற்றச் சொல்லுங்க. எந்த டொக்டர் பார்த்தாலும் புது மாத்திரை எழுதுமுன் அந்த இலக்கத்துக்கு ஒரு அழைப்பு எடுக்கணும்.

நாவலடி_காற்று

சரி ராத்தா. தம்பிமார் இரண்டு பேர், தங்கச்சி ஒருவர் இருக்காங்க. கோர் அன்டிபொடிக்கு நாளைக்கு இரத்தம் கொடுக்கிறார், அதோட எச்எல்ஏ பற்றியும் கிளினிக்கில் கேட்கிறேன். நேர்மின்னேற்றிய ஸ்லைட் ஆய்வுகூடத்தில் இல்லை, கொழும்பில் சொல்லியிருக்கு.